சொந்த ரூட்டர் மாட்டலாமா? ஃபைபர் இணைப்பில் எது நம் கையில், எது அவர்கள் கையில்

கேள்வி, 2025 ஜூன் 2, காலை

புதிதாக ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறேன். நிறுவனம் கொடுத்த வெள்ளைப் பெட்டியின் வைஃபை கூடத்தைத் தாண்டவில்லை. பின்கட்டில் மகள் ஆன்லைன் வகுப்புக்கு உட்கார்ந்தால் படம் அப்படியே நின்றுவிடுகிறது, குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்கிறது. நல்ல ரூட்டர் ஒன்றை என் செலவில் வாங்கி, அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்டலாமா? கடைக்காரர் தாராளமாக மாட்டலாம் என்கிறார். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில், வெளியில் வாங்கிய பெட்டி வேலையே செய்யாது என்கிறார்கள். யாரை நம்புவது?

ஜூன் 2, மாலை

இரண்டு பேருமே பாதி உண்மைதான் சொல்கிறார்கள். அந்த வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றும் ஓஎன்டி. இன்னொன்று, அந்த ஒரே இணைப்பை வீட்டிலுள்ள கைபேசி, மடிக்கணினி, டிவி அனைத்துக்கும் பங்கிடும் ரூட்டர். முதலாவது நிறுவனத்தின் வலைப்பின்னலைச் சேர்ந்தது. அதன் வரிசை எண்ணை அவர்கள் தங்கள் முனையில் பதிவு செய்திருப்பார்கள். பதிவில்லாத கருவியோடு எதிர்முனை பேசாது. இரண்டாவது முழுக்க முழுக்க உங்கள் வீட்டு விஷயம்.

கடையில் விற்கும் சாதாரண வைஃபை ரூட்டரில் ஃபைபர் செருகும் துளை கிடையாது. ஆகவே வெள்ளைப் பெட்டியைக் கழற்றிப் பரணில் போட முடியாது. ஆனால் அதை ஒளியை மாற்றும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ரூட்டர் வேலையைப் பறித்து உங்கள் கருவியிடம் கொடுத்துவிடலாம். அதற்குப் பெயர் பிரிட்ஜ் மோட். நிறுவனத்திடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "வெளி ரூட்டர் போடலாமா" என்று பொதுவாகக் கேட்டால் முடியாது என்ற பதில்தான் வரும்.

ஜூன் 2, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. வாங்குவதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். சதுரமான பச்சை நிற முனை செருகியிருந்தால் அது ஃபைபர். மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். பச்சை முனையின் கண்ணாடி முகம் எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும், நீல முனையில் அந்தச் சாய்வு இருக்காது. இரண்டையும் ஒன்றோடொன்று செருகினால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி சிதறும். நிறம் பார்க்காமல் எதையும் மாற்றிச் செருக வேண்டாம். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் வேண்டாம்; அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

சில அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடிப்படிக்கு அடியில், ஒரே இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் கருவியை வைத்து, அங்கிருந்து வீடுகளுக்குச் சாதாரண லேன் கேபிளை இழுத்திருப்பார்கள். வீட்டுக்குள் வருவது லேன் கேபிள் என்றால் உங்களுக்கு ஓஎன்டி கவலையே இல்லை. எந்த ரூட்டரும் நேராக மாட்டலாம். பழைய ரூட்டரின் மேக் முகவரியோடு, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணோடு, கணக்கைக் கட்டி வைத்திருந்தால் புது ரூட்டரில் அதே முகவரியை நகலெடுத்துப் போட வேண்டும், அல்லது அவர்களிடம் சொல்லி மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 4

"இந்த நாட்டில் எப்போதும் நிறுவனம் கொடுத்ததைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் வழக்கம்" என்று மதுரையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை என்று அடித்துச் சொல்வேன்.

2005-இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அது செம்புக் கம்பி, தொலைபேசி லைனிலேயே இணையம். மோடத்தை அவர்களிடம் வாடகைக்கு எடுக்கலாம், இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவில் பிடித்த மோடத்தை வாங்கி வரலாம். வீட்டுக்கு வந்து விபிஐ 0, விசிஐ 35 என்று இரண்டு எண்களைப் போட்டு, கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால் இணைப்பு வந்துவிடும். அந்த 0/35 தமிழ்நாட்டில் மோடம் தொட்ட எல்லோருக்கும் மனப்பாடம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. இடி இடித்து மோடம் கருகினால் மறுநாள் வேறொன்று வாங்கினோம், அதே எண்களைப் போட்டோம், வேலை முடிந்தது.

ஃபைபர் வந்த பிறகு வேகம் பல மடங்கு கூடியது. ஆனால் வாடிக்கையாளரிடம் இருந்த அந்த இரண்டு எண்களும் கடவுச்சொல்லும் பல நிறுவனங்களில் வாடிக்கையாளருக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டன. நான் வருத்தப்படுவது இதற்குத்தான். வேகம் கூடியதற்கும் விவரங்களை மறைப்பதற்கும் தொழில்நுட்ப ரீதியாக எந்தத் தொடர்பும் இல்லை.

ஜூன் 5, காலை

இடி என்றதும் நினைவுக்கு வந்தது. கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் கம்பத்திலிருந்து வரும் கேபிளில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி சேர்ந்தே வரும். அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் அந்தக் கம்பி ஜன்னல் வழியாக டிவி அலமாரி வரை வந்து நிற்கிறது.

ஜூன் 5, இரவு

பிரிட்ஜ் கேட்டால் என்ன நடக்கும் என்று பலர் கேட்கிறீர்கள். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

தொலைபேசியில் பேசியவர்களுக்கு பிரிட்ஜ் என்றால் என்னவென்றே தெரியவில்லை. பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். மீண்டும் கூப்பிட்டால் வேறொருவர், மீண்டும் அணைத்துப் போடச் சொன்னார். மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டேன்: "என் இணைப்பின் பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் ஆகியவற்றைத் தாருங்கள், ஓஎன்டியின் முதல் லேன் துளையை பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தாருங்கள்." (பிபிபிஓஇ என்பது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைப்புக்குள் நுழையும் முறை. விலேன் எண் என்பது ஒரே இழையில் வரும் இணையத்தையும் தொலைபேசியையும் தனித்தனியாகப் பிரிக்கும் குறி.) இவ்வளவுதான் எழுதினேன். அதன் பிறகுதான் விஷயம் தெரிந்தவரின் மேசைக்குப் போயிற்று. எங்கள் பகுதியைக் கவனிக்கும் இளைஞர் வந்தார். அவர் பையில் மடிக்கணினி இருந்தது, வேறெதுவும் தேவைப்படவில்லை.

அவர் திறந்த பக்கத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வான், அதாவது வெளி இணைப்பு, என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள். ஒரு வரியின் பெயரில் இன்டர்நெட் என்றும், அதையடுத்து ஆர் என்ற எழுத்தும், பிறகு விலேன் எண்ணும் இருந்தன. இன்னொரு வரி வாய்ஸ் என்று தொடங்கியது. அவர் முதல் வரியை மட்டும் திறந்து, ரூட் என்று இருந்ததை பிரிட்ஜ் என்று மாற்றினார், லேன் 1 என்ற கட்டத்தில் குறியிட்டார், சேமித்தார். வரியின் பெயரில் ஆர் போய் பி வந்தது. பெட்டியின் வைஃபையை அணைத்தார். என் ரூட்டரின் வான் துளைக்கும் அந்த லேன் 1-க்கும் நடுவே ஒரு கேபிள். ரூட்டரில் பிபிபிஓஇ தேர்ந்தெடுத்துப் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டேன், இணைப்பு வந்துவிட்டது. காபி ஆறுவதற்குள் முடிந்த வேலை. இதற்காகத்தான் அத்தனை அலைச்சல்.

அவர் கிளம்பும் முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்களும் எடுத்து வையுங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன்.

ஜூன் 6

இரண்டாவது வரியை, அதாவது வாய்ஸ் வரியை, யாரையும் தொட விடாதீர்கள். ஃபைபரோடு தரைவழித் தொலைபேசியும் வாங்கியவர்களுக்கு அந்த போன் ஓஎன்டிக்குள்ளிருந்துதான் வேலை செய்கிறது. இணைய வரியை பிரிட்ஜுக்கு மாற்றினாலும் போன் வழக்கம்போல ஒலிக்கும். வாய்ஸ் வரியை அழித்துவிட்டால் வீட்டுப் பெரியவர்களின் போன் மூச்சுவிடாது. சொந்த ரூட்டர் போட்டால் போன் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இந்த ஒரு இடத்தைத்தான் முழுக் கதையாக்குகிறார்கள்.

விலேன் பற்றியும் ஒரு வார்த்தை. சில இடங்களில் ஓஎன்டியே விலேன் குறியைக் கழற்றிவிட்டுத் தரும். உங்கள் ரூட்டரில் எதுவும் போட வேண்டாம். கழற்றாமல் அனுப்பினால் ரூட்டரிலும் அதே எண்ணைப் போட வேண்டும். டிபி-லிங்க் ரூட்டர்கள் பலவற்றில் அந்த இடம் இணைய அமைப்புப் பக்கத்தில் இருக்காது, ஐபிடிவி என்ற பக்கத்தில் ஒளிந்திருக்கும். டிவியே இல்லாத வீட்டிலும் அங்கேதான் போக வேண்டும். பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் இணைப்பு வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

எண் என்ன என்று இங்கே கேட்காதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம், ஊருக்கு ஊர் மாறும்.

ஜூன் 9

"ஓஎன்டியையும் சொந்தமாக வாங்கிவிட்டால் என்ன? ரிச்சி தெருவில் கிடைக்கிறதே, பழைய பெட்டியின் வரிசை எண்ணை அதில் நகலெடுத்துப் போடும் வழியும் இணையத்தில் இருக்கிறதே" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஓஎன்டி கிடைக்கிறது, வாங்கலாம். பிஎஸ்என்எல் ஃபைபரில் வாடிக்கையாளரே ஓஎன்டி வாங்கிக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்வது சாதாரணமாக நடப்பதுதான். இணைப்பு கொடுக்கும் உள்ளூர்ப் பங்குதாரரிடம், அங்கே ஜிபான் ஓடுகிறதா, ஈபான் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் இரண்டு முறைகள் இவை. ஒன்றுக்கான கருவி மற்றொன்றில் வேலை செய்யாது. இரண்டிலும் ஓடும் எக்ஸ்பான் வகை வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. பெட்டியின் அடியில் நான்கு எழுத்தும் எட்டு இலக்கக் குறியீடும் சேர்ந்த வரிசை எண் இருக்கும். அதைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நேர்வழி இதுதான்.

வரிசை எண்ணை நகலெடுக்கும் வேலையை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். காரணம் ஒப்பந்த மீறல் மட்டுமல்ல. ஜிபானில் தெருமுனைப் பெட்டியிலுள்ள ஸ்ப்ளிட்டர் ஒரே இழையை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிக்கிறது. நிறுவனத்திலிருந்து கீழே வரும் நொடிக்கு 2.5 ஜிகாபிட் அத்தனை வீடுகளுக்கும் பொது. 1490 நானோமீட்டர் ஒளியில் எல்லோருக்கும் வந்து சேரும், ஒவ்வொரு ஓஎன்டியும் தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வீடுகளிலிருந்து மேலே போவது நொடிக்கு 1.25 ஜிகாபிட், 1310 நானோமீட்டர். பிரச்சினை இந்த மேல்வழியில்தான். பட்டிமன்றத்தில் ஒரே மைக்கை நடுவர் முறைவைத்துக் கொடுப்பதுபோல, எந்த வீடு எந்த நொடித்துளியில் ஒளி அனுப்பலாம் என்று மறுமுனையிலுள்ள நிறுவனத்தின் கருவியான ஓஎல்டி நேரம் குறித்துக் கொடுக்கிறது. கோளாறான ஓஎன்டி ஒன்று முறை தவறி ஒளியை அனுப்பிக்கொண்டே இருந்தால் அந்த ஸ்ப்ளிட்டரில் உள்ள அத்தனை வீடுகளிலும் இணையம் தடுமாறும். பக்கத்து வீட்டில் ஒருவர் தேர்வு எழுதிக்கொண்டிருக்கலாம், ஒருவர் மருத்துவரோடு காணொலியில் பேசிக்கொண்டிருக்கலாம். ரூட்டர் என்பது நம் வீட்டுக்குள் முடிந்துவிடுகிற விஷயம், ஓஎன்டி அப்படி அல்ல. பதிவு செய்து, ஒளி அளவைப் பார்த்து, அவர்கள் ஒப்புக்கொண்ட கருவியைத்தான் அங்கே மாட்ட வேண்டும்.

ஜூன் 9, சற்றுப் பின்

ஒளி அளவு என்றால்: ஓஎன்டியின் பக்கத்தில் பெறும் ஒளி என்று ஓர் எண் இருக்கும், ஒளியின் வலிமையைக் குறிக்கும் டிபிஎம் அளவில், எப்போதும் கழித்தல் குறியோடு. -15 முதல் -25 வரை இருந்தால் நிம்மதி. -27-ஐத் தாண்டிக் கீழே போனால் பெரும்பாலான கருவிகள் தடுமாறும். -8-ஐவிட வலுவாக வந்தாலும் கெடுதல்தான். வேகம் குறைந்தால் ரூட்டரைத் திட்டுவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் ஃபைபர் நசுங்கி வளைந்திருந்தால் எந்த விலைக்கு வாங்கிய ரூட்டரும் உதவாது.

ஜூன் 12

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் ஒருவர், அங்கே இதெல்லாம் சட்டமாகவே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். உண்மை. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த மோடத்தையும் ரூட்டரையும் மாட்டலாம். நிறுவனத்தின் எல்லை சுவரிலுள்ள செருகுதுளையோடு முடிகிறது. இணைப்புக்கு வேண்டிய கடவுச்சொல் முதலான விவரங்களை ஒப்பந்தம் போடும்போதே, வாடிக்கையாளர் கேட்காமலேயே, கட்டணமின்றி எழுத்தில் தந்துவிட வேண்டும். கேட்காமலேயே என்பதைக் கவனியுங்கள். நான் மின்னஞ்சல் எழுதி எழுதிக் கேட்டதை அங்கே முதல் நாளே கையில் கொடுத்தாக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டு இணைய ஒழுங்குமுறையும், தான் விரும்பும் முனையக் கருவியைப் பயன்படுத்தும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்கிறது. அமெரிக்காவில் இந்த வழக்கு இன்னும் பழையது. 1968-இல் கார்ட்டர்ஃபோன் தீர்ப்பில், தொலைபேசி வலைப்பின்னலுக்குக் கேடு செய்யாத வெளிக்கருவியை இணைக்க நிறுவனம் தடைபோட முடியாது என்று அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் சொல்லிவிட்டது. 2019-இல் நிறைவேறிய இன்னொரு சட்டம், வாடிக்கையாளர் சொந்தக் கருவி வைத்திருக்கும்போது நிறுவனம் கருவி வாடகை வசூலிப்பதைத் தடை செய்கிறது. கொடுக்காத பெட்டிக்கு வாடகை வாங்கியிருக்கிறார்கள் என்பதால்தானே அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது!

இந்தியாவில் இணையச் சமத்துவத்துக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் பரிந்துரை கொடுத்தது, 2018-இல் அரசு ஏற்றது. எந்தத் தளத்தையும் தடுக்காதே, வேகத்தைக் குறைக்காதே என்பதில் நாம் உறுதியாக நின்றோம். அதே உறுதி வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கும் வர வேண்டும். விவரங்களை எழுத்தில் தர வேண்டும் என்ற ஒரு விதி போதும், பெரும்பாலான சண்டைகள் தீர்ந்துவிடும்.

ஜூன் 13

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரவெல்லாம் யோசித்தேன். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நிறுவனம் தன் பெட்டிகளைத் தொலைவிலிருந்தே இயக்க டிஆர்-069 என்ற ஏற்பாடு இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவது, பழுது பார்ப்பது எல்லாம் அதன் வழியாகத்தான். நல்லது. ஆனால் 2016 நவம்பர் இறுதியில் இதே ஜெர்மனியில், இந்த ஏற்பாடு பயன்படுத்தும் 7547 என்ற வாசலைக் குறிவைத்து ஒரு தாக்குதல் நடந்தது. டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு விழுந்தது. பெட்டிகளுக்குள் அந்த நச்சு நிரல் நுழைய முடியாவிட்டாலும், தட்டிய தட்டில் அவை செயலிழந்தன. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிப் பெட்டி இருப்பதன் ஆபத்து இது.

அதே சமயம், நிறுவனமும் கவனிக்காமல், வாங்கியவரும் மென்பொருளைப் புதுப்பிக்காமல் கிடக்கும் சொந்த ரூட்டர் அதைவிட மோசம். சொந்த ரூட்டர் என்றால் அதன் மென்பொருளைப் புதுப்பிப்பதும் நம் கடமை. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் இயக்கி வையுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள். தயாரிப்பாளர் கைவிட்ட பழைய ரூட்டருக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி கிடைத்தால் அதைப் போடலாம். 2004 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் மென்பொருள், இன்றும் திருத்தங்கள் வருகின்றன.

என் அத்தை தனியாக இருக்கிறார். அவர் வீட்டில் நிறுவனத்தின் பெட்டியை அப்படியே விட்டுவிட்டேன். பழுதானால் அவர் ஒரு எண்ணைக் கூப்பிடுவார், அவர்கள் அங்கிருந்தே பார்ப்பார்கள். என் ரூட்டரை அங்கே மாட்டினால், உங்கள் ரூட்டரைக் கேளுங்கள் என்று கையை விரித்துவிடுவார்கள். உரிமை வேண்டும் என்று வாதாடுவது வேறு, எல்லா வீட்டிலும் அதை மாட்டியே தீருவேன் என்பது வேறு.

ஜூன் 15

படம் எடுத்து வைக்கச் சொன்னேனே, காரணம் இது. சில வாரங்கள் கழித்து ஒரு நள்ளிரவில் நிறுவனம் ஓஎன்டியின் மென்பொருளைப் புதுப்பித்தது. காலையில் பார்த்தால் பெட்டி மீண்டும் ரூட்டர் முறைக்குத் திரும்பியிருந்தது, அணைத்த வைஃபை பழைய பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. என் ரூட்டரின் நிலைப் பக்கத்தில் பிபிபிஓஇ இணைப்பு அறுந்து கிடந்தது. முன்பு எடுத்த படத்தை அந்த இளைஞருக்கு அனுப்பினேன், அங்கிருந்தபடியே சரிசெய்து கொடுத்தார். படம் இல்லாவிட்டால் மறுபடியும் அணைத்துப் போடுங்கள் என்பதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

ஜூன் 16

பிரிட்ஜ் தரவே மாட்டோம் என்றால்? அப்போதும் வழி இருக்கிறது.

வெறும் வைஃபை எட்டவில்லை என்பதுதான் குறை என்றால், புது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் போட்டுவிடுங்கள். பங்கிடும் வேலையை வெள்ளைப் பெட்டியே செய்யட்டும், உங்கள் ரூட்டர் வைஃபை மட்டும் கொடுக்கட்டும். கேள்வி கேட்டவருக்கு இதுவே போதும் என்று இப்போது நினைக்கிறேன். முதல் நாளே பிரிட்ஜைத் தூக்கிப் பிடித்தேன். தேவையைப் பார்த்தால் இது அவருக்கு இன்னும் எளிது.

பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு, தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் தனியாக, விருந்தினர் வைஃபை என்று எல்லாம் உங்கள் ரூட்டரில்தான் வேண்டும் என்றால், இரண்டையும் ரூட்டராகவே ஓட விடலாம். இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் மோதிக்கொள்ளும், உங்களுடையதை 192.168.50.1 என்று மாற்றுங்கள். இப்படி ஓடும்போது வீட்டு முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு பெட்டிகளிலும் ஒவ்வொரு முறை நடக்கும். படம் பார்ப்பவர்களுக்கும் வகுப்பு கேட்பவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. வெளியிலிருந்து வீட்டுக் கேமராவை நேராகப் பார்க்க நினைப்பவர்களுக்கும், சில விளையாட்டுகளுக்கும்தான் இடைஞ்சல். வெளியிலிருந்து வருவதை எல்லாம் ஒரே கருவிக்குத் திருப்பிவிடும் டிஎம்இசட் வசதி வெள்ளைப் பெட்டியில் இருந்தால் உங்கள் ரூட்டரை அதில் குறித்துவிடுங்கள், பாதி இடைஞ்சல் போகும்.

கேமராக்காரர்களுக்கு இன்னொன்று. பிரிட்ஜ் கிடைத்தாலும் பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய முகவரி, கிடைக்கும் என்று அர்த்தமில்லை. ரூட்டரின் வான் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். எந்த ரூட்டர் வாங்கினாலும் இது மாறாது. நிலையான ஐபிக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது புதிய வகை முகவரியான ஐபிவி6 தருகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 18

சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன என்று எழுதியவருக்கு: ரூட்டரில் எம்டியு எண்ணை, அதாவது ஒரே தவணையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவை, பாருங்கள். 1500 பைட்டில் பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்கிறது. 1492 என்று இருக்க வேண்டும்.

ஜூன் 20

மின்வெட்டு! இதை எப்படி மறந்தோம்? முன்பு ஒரு பெட்டிக்கு ஒரு அடாப்டர், இப்போது இரண்டு. ஓஎன்டிக்கு மட்டும் சிறிய யூபிஎஸ் போட்டுவிட்டு, மின்சாரம் போனதும் ஏன் வைஃபை இல்லை என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் வேண்டும். ரூட்டர் வாங்கும்போதே அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலான ஓஎன்டிகள் 12 வோல்ட். ரூட்டரும் 12 வோல்ட் என்றால் இரட்டை வெளியீடு உள்ள ஒரே யூபிஎஸ் இரண்டையும் தாங்கும். இரண்டின் ஆம்பியரையும் கூட்டிப் பாருங்கள். சில மலிவு ரூட்டர்கள் 9 வோல்ட்டில் ஓடுபவை. அதில் 12-ஐச் செருகிப் பார்க்காதீர்கள், புகைந்துவிடும்.

ஜூன் 23

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள இரட்டை அலைவரிசை ரூட்டரை வாங்கி, கூடத்திலிருந்து பின்கட்டு வரை சுவரோரமாக லேன் கேபிள் இழுத்து, ஆக்சஸ் பாயின்ட் முறையில் வைத்துவிட்டாராம். மகளின் வகுப்பு தடங்கலில்லாமல் ஓடுகிறதாம். மனம் நிறைந்தது.

அவருக்கு உதவியது ரூட்டரின் விலை அல்ல, இடம். ஃபைபர் எந்த ஜன்னல் வழியாக நுழைகிறதோ அதன் அடியிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார்கள். பல வீடுகளில் அது டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவுக்கு மேலோ. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் அடுக்குமாடியில் அண்டை வீடுகள் அத்தனையும் அதில்தான் நெரிசலடிக்கின்றன. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் பழைய வீட்டு ஒன்றரையடிச் சுவரை அது தாண்டாது. ஆகவே கேபிள் இழுங்கள். கேபிள் இழுக்கச் சோம்பி, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரைச் செருகுகிறவர்கள் அதே அலைவரிசையில் வாங்கவும் அனுப்பவும் செய்து பாதி வேகத்தை இழக்கிறார்கள்.

ஜூன் 24

அவரே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: வெள்ளைப் பெட்டி யாருடையது? இலவசம் என்று கொடுத்திருந்தாலும் பெரும்பாலும் நிறுவனத்துடையதுதான். ரசீதில் வைப்புத்தொகை என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பைத் துண்டிக்கும் நாளில் அதைத் திருப்பித் தர வேண்டும். பெட்டி வந்த அன்றே வரிசை எண்ணையும் அடாப்டரையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள், ஒப்படைக்கும்போது எண் குறிப்பிட்ட ஒப்புகை வாங்குங்கள். பெட்டி வந்து சேரவில்லை என்று பின்னால் கட்டணம் கேட்டால் அந்தத் தாள்தான் பேசும். உங்கள் ரூட்டரின் ரசீதையும் அதனோடு வைத்துக்கொள்ளுங்கள். துண்டிக்க வரும் ஆள் மேசைமேல் இருக்கும் இரண்டு பெட்டிகளையும் சுருட்டிப் பையில் போடப் பார்ப்பார்.